அண்ணல் அம்பேத்கர் வாழ்வில் வேலையும் சமயமும்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மலருக்கு அண்ணல் அம்பேத்கரின் வரலாற்றை எழுதித் தருமாறு செயற்குழுவினர் பணித்தனர். அவர் பிறந்ததும் படித்ததும் அரசியல் சட்டம் வரைந்ததும் நம் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியிலேயே ஒப்பிக்கும் செய்திகள். ஆகவே அவற்றை விரைந்து கடந்து, அப்பெருமகனார் வேலை தேடியவராகவும், வேலை பார்த்தவராகவும், பிறர்க்கு வேலை கிடைக்க வழி செய்தவராகவும் வாழ்ந்த பகுதிகளில் சற்று நின்று பேச விழைகிறோம். அதற்குக் காரணம் உண்டு. வேலைக்கு ஆள் எடுப்பவர், வந்தவனின் சமயம் யாது எனக் கேட்கலாமா, கேட்டு அதன்படி கொள்ளவோ தள்ளவோ செய்யலாமா என்னும் வினா நம் இளைஞரிடையே அடிக்கடி எழுகிறது. திருவாரூர்க் கடைத்தெரு முதல் திருப்பூர் ஆலைகள் வரை, சென்னை அலுவலகங்கள் முதல் வளைகுடா நாடுகள் வரை வேலை தேடிச் செல்பவர்கள் அவர்கள். அவர்கள் நிரப்பும் படிவம் ஒவ்வொன்றிலும் சமயம் என ஒரு கட்டம் இருக்கிறது. அக்கட்டத்தைப் பற்றி அண்ணலின் வாழ்வு சொல்வது பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அதனைத் திரட்டித் தருவதே நம் நோக்கம்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவின் மோவ் என்னும் படைநகரில், ராம்ஜி சக்பால், பீமாபாய் தம்பதியரின் பதினான்காவது பிள்ளையாகப் பீமராவ் பிறந்தார். தந்தையார் படையில் சுபேதார். அக்குடும்பம் தலைநிமிர்ந்ததே படைவேலையால்தான். கிழக்கிந்தியக் கம்பெனியார் காலம் தொட்டு மகார் மக்கள் படையில் பணியாற்றினர். படையில் சேர்ந்தவர்க்கு எழுத்தறிவு கிடைத்தது, ஓய்வூதியம் கிடைத்தது, ஊர்ச்சாவடியின் ஏவலிலிருந்து விடுதலையும் கிடைத்தது. ஆனால் பீமராவ் மழலை பேசிய நாள்களிலேயே, 1892-93ஆம் ஆண்டளவில், அரசினர் மகார்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்திவிட்டனர். சில சாதியாரும் சில சமயத்தாரும் பிறவியிலேயே போர்க்குடிகள், ஏனையோர் அல்லர் என்பது அக்காலத்து ஆங்கிலத் தளபதிகளின் கொள்கை. தகுதியைச் சோதியாமல் பிறப்பையும் சமயத்தையும் பார்த்து ஆள் எடுத்தவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது அரசாங்கமே என்பதை இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். அக்கதவு மீண்டும் முழுமையாகத் திறக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. 1941இல் மகார் ரெஜிமென்ட் அமைக்கப்பட்டபோது அண்ணல் அவர்கள் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவின் உறுப்பினராக இருந்து அதற்காகப் பாடுபட்டார்.

கல்வி வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம். 1907இல் மெட்ரிகுலேஷன். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த மாதம் 25 ரூபாய் உதவித்தொகையில் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912இல் பி.ஏ. பட்டம். 1913இல் மீண்டும் அம்மன்னரின் உதவியோடு அமெரிக்கா சென்று, நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தே சென்றார். 1916இல் இலண்டன். மறு ஆண்டு உதவித்தொகை நின்றது. படிப்பை இடையில் விட்டுத் தாயகம் திரும்பினார்.

1917 செப்டம்பரில் ஒப்பந்தப்படி பரோடா சென்றார். மன்னரின் படைத்துறைச் செயலாளர் பதவி. காலப்போக்கில் அவரை நிதியமைச்சர் ஆக்க வேண்டும் என்பதும் மன்னரின் எண்ணம். இத்தகைய பதவியில் அமர்ந்தவருக்கு அலுவலகத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஏவலர்கள் கோப்புகளைக் கையில் கொடாமல் எட்ட நின்று மேசைமேல் எறிந்தனர். இவையெல்லாம் பலரும் அறிந்தவை. நாம் இங்கு நின்று பார்க்க வேண்டியது அவர் தங்க இடம் தேடிய கதையை.

இந்து விடுதிகளில் இடம் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே பார்சி சமயத்தார் நடத்திய சத்திரம் ஒன்றை நாடினார். அது பார்சிகளுக்கு மட்டும் உரியது. காப்பாளர் பணத்தேவை உள்ளவர். நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் பேசி, பதிவேட்டில் பார்சிப் பெயர் ஒன்றை எழுதி, மேல்மாடியில் இடம் கொடுத்தார். மின்விளக்கும் துணையும் இல்லாத அந்தப் பாழ்மாடியில் புத்தகங்களோடு பத்து நாள்களைக் கழித்தார். பதினோராம் நாள் காலை அவர் அலுவலகத்துக்குப் புறப்படும் வேளையில் கையில் தடியோடு ஒரு டஜன் பார்சிகள் மாடியேறி வந்தனர். சத்திரத்தைத் தீட்டுப்படுத்திவிட்டாய், மாலைக்குள் காலி செய் என மிரட்டிச் சென்றனர். நண்பர் இருவரிடம் அடைக்கலம் கேட்டார் அண்ணல். ஒருவர் இந்து. நீர் என் வீட்டுக்கு வந்தால் வேலைக்காரர் எல்லோரும் போய்விடுவர் என்றார் அவர். மற்றவர் கிறித்தவர். மனைவியைக் கேட்டுச் சொல்வதாகக் கூறிக் கைவிட்டார். அக்கணவனும் மனைவியும் பிராமண குலத்திலிருந்து கிறித்தவத்துக்கு வந்தவர்கள். கணவர் மாறியிருந்தார், மனைவி பழைய ஆசாரத்திலேயே இருந்தார். அன்று பிற்பகல் முழுவதும் பரோடாவின் பூங்கா ஒன்றில் அமர்ந்திருந்து, இரவு இரயிலில் பம்பாய் திரும்பினார் அமெரிக்காவில் பட்டம் பெற்ற அந்தப் படைத்துறைச் செயலாளர்.

இச்செய்தியைப் பள்ளிப் பாடத்தில் கண்ணீர்க் கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் இதனுள் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரே நாளில் மூன்று சமயத்தார் அவரை வெளியேற்றினர். மூவருடைய வேதமும் வேறு, வழிபாடும் வேறு. ஆனால் அவரைத் தள்ளியபோது மூவரும் பார்த்தது ஒன்றையே. சமயத்தின் பெயரால் பூட்டப்பட்ட கதவின் உட்புறத் தாழ்ப்பாள் பல வேளைகளில் சாதியாகவே இருக்கிறது என்னும் பாடத்தை அவர் நூலில் படிக்கவில்லை. பரோடாவில் பட்டறிந்தார்.

பம்பாய் திரும்பியவர் பங்கு வணிகர்க்கு ஆலோசனை கூறும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். ஆலோசனை நன்றாகவே இருந்தது. சொல்பவர் தீண்டப்படாதவர் எனத் தெரிந்ததும் வாடிக்கையாளர் நின்றுவிட்டனர். 1918 நவம்பரில் சைடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார். அங்கும் உடன் பணியாற்றிய பேராசிரியர் சிலர், பொதுப்பானையில் அவர் தண்ணீர் குடிப்பதை எதிர்த்தனர். சேர்த்த பணத்தோடு 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, விட்ட படிப்பை முடித்து, 1923இல் பாரிஸ்டராகத் திரும்பினார்; அவ்வாண்டே டி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார். 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். நம்முடையது போன்ற கல்விச் சங்கங்களுக்கெல்லாம் அதனை மூத்த தமக்கை எனலாம். மறு ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி தொடங்கியது அச்சபை.

1927இல் மகாத் குளப் போராட்டம். அதனை இம்மலரில் வேறு எவரேனும் எழுதக்கூடும். நாம் 1928ஆம் ஆண்டின் பம்பாய் ஆலை வேலைநிறுத்தத்துக்குச் செல்கிறோம்.

பம்பாய்ப் பஞ்சாலைகளில் நூற்புப் பகுதி, நெசவுப் பகுதி என இரண்டு. நெசவில் கூலி கூடுதல். அப்பகுதியில் நம்மவர்க்கு இடமில்லை. காரணம் விந்தையானது. ஓடத்தில் புதிய நூல்கட்டையை மாட்டும்போது நூல் முனையை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒருவர் எச்சில் பட்ட ஓடத்தை மற்றவர் வாயில் வைக்க நேரும். அதனால் தீட்டு எனச் சாதி இந்துத் தொழிலாளர் மறுத்தனர். முதலாளியும் அதற்கு இசைந்து போனார். இங்கே தடுத்தவர் முதலாளி மட்டும் அல்லர், உடன் உழைக்கும் தொழிலாளியும்தான். அண்ணல் வேலைநிறுத்தத் தலைவர்களிடம் சென்று, எல்லாப் பகுதிகளிலும் எல்லோர்க்கும் இடம் என்பதையும் கோரிக்கைகளுள் சேர்க்க வேண்டும் என வற்புறுத்தினார். அவர்கள் அரை மனத்தோடு சேர்த்துக்கொண்டனர். பத்தாண்டு கழித்து, 1938 பிப்ரவரியில் மன்மாடு நகரில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்பு இரயில்வேத் தொழிலாளர் மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கியபோதும் இதனையே எடுத்துப் பேசினார். இரயில்வேயில் நம்மவர் இருப்புப்பாதை வேலையில் கேங்மேனாகச் சேர்ந்து கேங்மேனாகவே ஓய்வு பெற்றனர். போர்ட்டர் வேலைகூடக் கிட்டுவது அரிது. ஏனெனில் போர்ட்டர் என்பவர் நிலைய அதிகாரியின் வீட்டு வேலையையும் செய்ய வேண்டியவர். வீட்டுக்குள் வரத்தகாதவர் எனக் கருதப்பட்டவர் போர்ட்டராகவும் ஆக இயலவில்லை.

நம் காவிரிப் படுகையை இத்துடன் ஒப்பிட்டுப் பார்த்தல் பொருந்தும். நாற்று நடவும் கதிர் அறுக்கவும் ஆள் வேண்டியபோது இம்மண்ணில் எவரும் சமயம் கேட்டதில்லை. மிராசுதாரும் கேட்கவில்லை, மடத்து நிலத்தைக் கண்காணித்தவரும் கேட்கவில்லை. சேரியிலிருந்து மாதா கோயிலுக்குப் போகிறவரும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவரும் ஒரே வரப்பில் குனிந்து ஒரே மரக்காலில் கூலி வாங்கினர். 1952ஆம் ஆண்டின் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரும் வரை அக்கூலிக்குக் கேள்வி முறையும் இல்லை. சேற்றில் இறங்கும் வேலைக்குத் தேவைப்படாத சமயக் கேள்வி, கணக்கு எழுதும் வேலைக்கும் பாடம் சொல்லும் வேலைக்கும் மட்டும் ஏன் எழ வேண்டும்? வேலை மேலே போகப் போகக் கேள்வியும் கூடிற்று என்பதே நாம் கண்டது.

அரசாங்க வேலையில் சமயம் பார்க்கும் வழக்கம் அண்ணலின் காலத்தில் சட்டமாகவே இருந்தது. அது தீமைக்காக மட்டும் வந்ததன்று என்பதையும் சொல்ல வேண்டும். சென்னை மாகாணத்தில் அரசுப் பதவிகளை ஒரே வகுப்பார் நிறைத்திருந்த நிலையை மாற்ற எழுந்ததே வகுப்புவாரி அரசாணை. 1927இல் பிறந்த ஆணையின்படி ஒவ்வொரு 12 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்க்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர்க்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பார்க்கு 1 எனப் பகுக்கப்பட்டது. நமக்குக் கிடைத்தது பன்னிரண்டில் ஒன்று. எனினும் அந்த ஒன்று சட்டத்தில் எழுதிக் கிடைத்தது. இந்திய அரசோ 1934 ஜூலையில் தன் பணிகளில் முஸ்லிம்களுக்கு 25 விழுக்காடும் பிற சிறுபான்மையினர்க்கு 8⅓ விழுக்காடும் ஒதுக்கிவிட்டு, தாழ்த்தப்பட்டோர்க்குப் பங்கு எதனையும் குறிக்காமல் விட்டது. தகுதியுடையார் போதிய அளவில் இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். பள்ளிக்குள் விடாமல் வைத்திருந்துவிட்டுப் படித்தவர் இல்லையே என்பது எந்த ஊர் நியாயமோ!

இதற்கு முன்பே, 1930ஆம் ஆண்டு இலண்டன் வட்டமேசை மாநாட்டில், அண்ணலும் நம் தமிழகத்து இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் சேர்ந்து அளித்த கோரிக்கை மனுவில் அரசுப் பணிகளில் உரிய பங்கு வேண்டும் என்பதனைத் தனிக்கூறாகவே வைத்திருந்தனர். 1932 செப்டம்பர் 24ஆம் நாள் எழுதப்பட்ட பூனா ஒப்பந்தத்திலும், ஒடுக்கப்பட்ட வகுப்பார் என்பதற்காக எவரையும் அரசுப் பணியில் விலக்கலாகாது என ஒரு விதி உண்டு. அண்ணலோடு இரட்டைமலையாரும் எம்.சி. ராஜா அவர்களும் அதில் கையொப்பமிட்டனர். தனித்தொகுதியைப் பற்றியே பேசி, இவ்வேலை விதியை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

1942 ஜூலையில் அண்ணல் வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். வேலை தேடி அலைந்தவர் நாட்டின் வேலை விதிகளை வகுக்கும் இடத்துக்கு வந்தார். சில மாதங்களிலேயே தாழ்த்தப்பட்டோர் குறைகளை விரிவாக எழுதி வைசிராயிடம் கொடுத்தார். 1943 ஆகஸ்டில் இந்திய அரசின் பணிகளில் தாழ்த்தப்பட்டோர்க்கு 8⅓ விழுக்காடு ஒதுக்கீடும், வயது வரம்பில் தளர்வும், தேர்வுக் கட்டணக் குறைப்பும் ஆணையாக வந்தன. 1946இல் அது 12½ விழுக்காடாக உயர்ந்தது. இன்று நம் பிள்ளைகள் போட்டித் தேர்வுப் படிவத்தில் இயல்பாக எதிர்பார்க்கும் வயதுத் தளர்வின் தொடக்கம் அதுவே.

இனி இக்கட்டுரையின் நடுநாயகமான செய்திக்கு வருகிறோம். 1947இல் அரசியல் நிருணய சபைக்காக அண்ணல் ஒரு மனுவைத் தயாரித்து, மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்னும் பெயரில் நூலாகவும் வெளியிட்டார். அதில் அவர் கேட்டது இன்றும் வியப்புத் தருவது. அரசு அதிகாரிகள் மட்டுமல்லர், ஆலைகளிலும் வணிக நிறுவனங்களிலும் உள்ள தனியார் முதலாளிகளும், இனம், சமயம், சமூக நிலை ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு ஒருவரை வேறுபடுத்தி நடத்தினால் அது குற்றமாகக் கொள்ளப்பட வேண்டும் என்றும், அத்தகைய வழக்குகளை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயம் வேண்டும் என்றும் அம்மனு கோரிற்று. அதற்கு அவர் கூறிய விளக்கம் எளிது. வயிற்றுக்கு வழியில்லாதவன்முன் ஒரு வேலையை நீட்டி, சங்கத்தில் சேராதே, பேசாதே, உன் சமயத்தை விட்டுவிடு என நிபந்தனை வைத்தால் அவன் எதைத் தேர்வான் என்பதில் ஐயம் உண்டோ என்பது அதன் கருத்து. அரசாங்கத்தின் கொடுமையிலிருந்து மட்டும் குடிமகனைக் காப்பது போதாது, கூலி கொடுப்பவனின் கொடுமையிலிருந்தும் காக்க வேண்டும் என்பது அவர் துணிபு.

அரசியல் சட்ட வரைவுக் குழுவுக்கு அவரே தலைவரானார். ஆயினும் அவர் கேட்டதெல்லாம் சட்டத்தில் இடம்பெறவில்லை. இன்று நம் கையில் இருப்பது 16ஆம் உறுப்பு. அரசுப் பணியில் சமயம், இனம், சாதி, பால், வமிசம், பிறப்பிடம், வசிப்பிடம் ஆகியவற்றால் மட்டும் எவரையும் விலக்கலாகாது என்கிறது அது. அரசுப் பணி என்பதைக் கவனிக்க வேண்டும். தனியார் நிறுவனத்தை அவ்வுறுப்பு கட்டுப்படுத்தாது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் தீண்டாமையைக் காட்டி வேலை மறுப்பதைத் தண்டிக்கிறது. ஆனால் சமயத்தைக் காட்டித் தனியார் ஒருவர் வேலை மறுத்தால் அதனைத் தண்டிக்கும் பொதுச்சட்டம் நம் நாட்டில் இயற்றப்படவில்லை. 1947இல் அண்ணல் கேட்ட தீர்ப்பாயமும் அமையவில்லை.

இதனால் விளையும் கேட்டினை அளந்தும் காட்டியிருக்கிறார்கள். பேராசிரியர் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுடைய விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினர். மேல்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட, தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், முஸ்லிம் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குமே இருந்தன. நம் தெருவிலிருந்து கூத்தாநல்லூர் எத்தனை தொலைவு! தோழர்களாகப் பழகும் இரு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே வாயிலில் நிறுத்தப்படுகிறார்கள்.

அப்படியானால் வேலையில் சமயம் பார்ப்பது எவ்விடத்தும் தகாதோ? அண்ணல் அவ்வாறு கொள்ளவில்லை. அதே 16ஆம் உறுப்பின் ஐந்தாம் பிரிவு, சமய நிறுவனம் ஒன்றின் காரியங்களைச் சார்ந்த பதவிக்கு அச்சமயத்தவரே இருக்க வேண்டும் எனச் சட்டம் செய்வதை ஏற்கிறது. கோயிலில் பூசை செய்பவர் அச்சமயத்தில் பற்றுள்ளவராக இருத்தல் வேண்டும், பள்ளிவாசலில் தொழுகை நடத்துபவர் முஸ்லிமாக இருத்தல் வேண்டும் என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆனால் விதிவிலக்கின் எல்லை எது என்பதில்தான் வழக்கு. தமிழக அறநிலையத் துறைச் சட்டம் 1959, அதன்கீழ் நியமிக்கப்படும் அலுவலர் அனைவரும் இந்துக்களாக இருக்க வேண்டும் என்கிறது. 2021இல் சென்னைக் கொளத்தூரில் அத்துறையின் பொறுப்பில் தொடங்கிய கல்லூரிக்கு இந்துக்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என விளம்பரம் வந்தது. அதனை எதிர்த்து முஸ்லிம் ஒருவர் தொடுத்த வழக்கை 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. தீர்ப்புக்கு மதிப்பளிக்கிறோம். ஆனால் வேதியியல் கற்பிக்கவும் கதவு திறந்து மூடவும் ஒருவருக்கு எச்சமயம் வேண்டும் என்பது ஓர் ஆசிரியன் என்ற முறையில் நமக்கு விளங்கவில்லை. சிறுபான்மையினர் தம் நிறுவனங்களை நடத்த 30ஆம் உறுப்பு தரும் உரிமையைப் பற்றியும் நம் கருத்து இதுவே. சமயம் வேலையின் உள்ளேயே இருந்தால் கேட்கலாம். வேலையின் வெளியே இருந்தால் கேட்கலாகாது.

விதிவிலக்கின் உள்ளும் சாதி வேலை செய்ததை மறக்கலாகாது. இந்துவே பூசை செய்யலாம் என்ற விதி இருந்தும், எல்லா இந்துவும் கருவறைக்குள் புக முடிந்ததா? அர்ச்சகர் பதவியின் பரம்பரை உரிமையை நீக்கத் தமிழக அரசு 1970இல் சட்டம் திருத்தி, 1972இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்ற பின்னும், முறையாகப் பயிற்சி பெற்ற பல சாதியினர் பலராகப் பணி ஆணை பெற 2021 ஆகஸ்டு வரை காத்திருக்க நேர்ந்தது. எம்மிடம் பயின்ற ஒருவர் பி.எட். முடித்து, தம் சமயத்தாரே நடத்திய பள்ளி ஒன்றுக்கு நேர்காணல் சென்றார். சமயம் பொருந்திற்று. அடுத்து, எந்தப் பங்கு, எந்தத் தெரு என்ற கேள்வி வந்தது. பரோடாவின் கிறித்தவ நண்பர் வீட்டை நினைத்துக்கொண்டோம்.

1951 ஏப்ரல் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்று நம் மாகாணத்தைச் சார்ந்தது. மாவட்ட முன்சீப் பதவிகள் 83. வகுப்புவாரி ஆணைப்படி அரிசனங்களுக்கு 19, முஸ்லிம்களுக்கு 5, கிறித்தவர்க்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 10, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 32, பிராமணர்க்கு 11 எனப் பகுத்திருந்தனர். அரிசனங்களுக்கும் பிற்பட்டோர்க்கும் ஒதுக்கியது சட்டப்படி செல்லும், மற்றப் பகுப்புகள் சமயத்தையும் சாதியையும் மட்டும் பார்த்தவை ஆதலால் செல்லா என்றது நீதிமன்றம். அண்ணல் அப்போது சட்ட அமைச்சர். அவர் 1948 நவம்பரில் நிருணய சபையில் விளக்கிய கோட்பாட்டின் நேர்வழியிலேயே இத்தீர்ப்பு செல்கிறது. அனைவர்க்கும் சம வாய்ப்பு என்பது விதி, பின்தள்ளப்பட்டோர்க்கு ஒதுக்கீடு என்பது அவ்விதியை விழுங்கிவிடாத விலக்கு. ஒதுக்கீட்டின் அளவுகோல் பின்தள்ளப்பட்ட நிலையே அன்றிச் சமயம் அன்று. அதே நாளில் கல்லூரி இடங்கள் பற்றி வந்த மற்றொரு தீர்ப்பினால் ஏற்பட்ட இடரை, அவ்வாண்டே முதலாவது திருத்தம் நீக்கியது.

ஆனால் சமயம் வாசல் வழியாக வெளியேறிச் சன்னல் வழியாக உள்ளே வந்தது. 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயம் அல்லாத வேறு சமயத்தைப் பின்பற்றுவோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினராகக் கருதப்படார் என்றது. பஞ்சாபின் சீக்கியருள் நான்கு சாதியார்க்கு மட்டும் விலக்கு. இது திடீரெனத் தோன்றியதும் அன்று. 1936இல் ஆங்கிலேயர் பிறப்பித்த பட்டியல் ஆணையே கிறித்தவரை விலக்கியிருந்தது. 1950இன் ஆணை வந்த நாளில் சட்ட அமைச்சராக இருந்தவர் அண்ணலே என்பதை மறைக்க வேண்டியதில்லை. மதம் மாறிய நம்மவரிடையேயும் சாதி தொடர்வதை ஆராய்ந்து எழுதியவரும் அவரே. இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதே நேர்மை.

1935 அக்டோபரில் இயோலா மாநாட்டில், இந்துவாகச் சாகமாட்டேன் என்ற பொருள்பட அவர் அறிவித்தது யாவரும் அறிந்தது. மறு ஆண்டு சீக்கியம் பற்றிய பேச்சு நடந்தபோதே, மதம் மாறினால் பூனா ஒப்பந்த உரிமைகள் நிற்குமா என்பது பெரும் வழக்காயிற்று. ஆக, சமயம் மாறினால் வேலை போகும் என்பது தெரியாமல் அவர் முடிவெடுக்கவில்லை. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். அதே ஆண்டில்தான் சீக்கியர் அனைவர்க்கும் பட்டியல் உரிமை விரிந்தது. பௌத்தர்க்கு இல்லை. டிசம்பர் 6ஆம் நாள் அண்ணல் தில்லியில் மறைந்தார். அவரோடு தீட்சை பெற்றவர்களின் பிள்ளைகள் மத்திய அரசுப் பணிக்கு விண்ணப்பித்தபோது, மனசாட்சிப்படி பௌத்தம் என எழுதினால் ஒதுக்கீடு இல்லை, இந்து என எழுதினால் உண்டு என்ற நிலை 1990 வரை நீடித்தது. 34 ஆண்டுகள்! 1956இல் பிறந்த குழந்தை வேலைக்குரிய வயதைக் கடந்துவிடும் காலம் அது.

கிறித்தவர்க்கும் முஸ்லிம்களுக்கும் அக்கதவு 1990இலும் திறக்கவில்லை. சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஆதிதிராவிடக் கிறித்தவர் ஒருவர், அத்தொழிலாளர்க்கு அரசு இலவசமாக வழங்கிய பெட்டிக்கடை தமக்கு மட்டும் மறுக்கப்பட்டது என உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1985இல் அவர் வழக்கு தள்ளுபடியாயிற்று. அதே சாலை, அதே ஊசி, அதே தோல். 2007இல் அளிக்கப்பட்ட ரங்கநாத் மிசுரா ஆணையத்தின் அறிக்கை, பட்டியலிலிருந்து சமய நிபந்தனையை அகற்றப் பரிந்துரைத்தது. 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைந்தது. 2024 நவம்பரில், புதுச்சேரியில் மேல்நிலை எழுத்தர் பணிக்கு விண்ணப்பித்த பெண் ஒருவர் கிறித்தவ வழிபாட்டைத் தொடர்ந்துகொண்டே இந்து எனச் சான்று கேட்டது அரசியல் சட்டத்துக்குச் செய்யும் வஞ்சகம் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மாற்றுக் கருத்துடைய நம் உறுப்பினர்களும் உளர். சாதி இல்லை எனச் சொல்லும் சமயத்துக்குப் போனவர் சாதியின் பெயரால் பங்கு கேட்பது முறையா என்கிறார்கள். இருக்கும் இடங்களே குறைவு, பந்தியில் இலை கூடினால் நம் பங்கு குறையாதா என்கிறார்கள். இவ்வச்சம் பொய்யன்று. மாவட்ட மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினராக இருந்தும் வேலையின்றி நிற்கும் மக்களின் அச்சம் அது. இலை கூடினால் சோறும் கூட வேண்டும் எனக் கேட்பதே முறை என்பது நம் விடை. சமயத்தைக் காரணம் காட்டி உடன் பிறந்தவனைப் பந்தியிலிருந்து எழுப்புவதற்கு அண்ணலின் வாழ்வில் ஆதாரம் இல்லை. 1945இல் அவர் தொடங்கிய மக்கள் கல்விக் கழகத்தின் கல்லூரிகளில், பம்பாய்ச் சித்தார்த்தா கல்லூரியிலும் ஔரங்காபாத்து மிலிந்த் கல்லூரியிலும், சாதி சமயம் கருதாமல் ஆசிரியர்களை அமர்த்தினார், மாணவர்களையும் சேர்த்தார்.

நம் சங்கத்தின் உதவித்தொகை விண்ணப்பத்திலும், மாலைநேரப் பயிற்சி வகுப்பு ஆசிரியர் விண்ணப்பத்திலும் சமயம் என்னும் கட்டம் இன்றும் இருக்கிறது. அரசுப் படிவத்தைப் பார்த்து அச்சடித்ததால் வந்த கட்டம் அது. அரசுப் படிவத்தை மாற்றும் அதிகாரம் நமக்கு இல்லை. நம் படிவம் நம் கையில் இருக்கிறது. அக்கட்டத்தை நீக்கும் தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவில் முன்மொழிய இருக்கிறோம். எதிர்த்துப் பேச விரும்புவோரும் தவறாது வருக.